மூணாம் வகுப்பில் ஒரே ஒரு இடம்

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரத்தில் மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்கு வந்து இறங்குகிறவர்களை என்ன சொல்வது? புத்தி கெட்டவர்கள் என்று சொல்லலாம். அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஆசைப்பட்டா வந்தார்கள்? வருஷக்கணக்காகச் சின்னச் சின்ன கிளினிக்குகளில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் நிரந்தர வேலை என்று சொல்லி, கோடை முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள். உடனே வா என்றார்கள். வராவிட்டால் வரிசையில் அடுத்தவள் நிற்கிறாள் என்றும் சொன்னார்கள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடம் இருக்கிற ஊரெல்லாம் அவருக்குச் சொந்த ஊர் மாதிரிதான். கம்பெனியில் சொல்லி மாற்றல் வாங்கிக்கொண்டு ஸ்பானர் பெட்டியோடு கூடவே கிளம்பிவிட்டார். மீதி இருந்தது ஒரே ஒரு ஆள். மூணாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள். வீட்டில் அவளுக்குப் பேர் சில்வண்டு. காலையில் கண் விழித்தால் ராத்திரி கண் மூடுகிறவரை வாய் ஓயாது. தூக்கத்திலும் ஏதோ முணுமுணுக்கும் என்பது அவள் அப்பாவின் கட்சி.

இந்தச் சில்வண்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்றால் நம்ப முடிகிறதா? கிடைக்கவில்லை. முதல் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனைத் தாண்டவே முடியவில்லை. "அட்மிஷன் முடிஞ்சு எத்தனையோ நாளாச்சும்மா" என்று கேட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். இரண்டாவதில் ஆபீஸ் அம்மாள் நிதானமாக, "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள். அதுவரைக்கும் பிள்ளையை என்ன ஃபிரிட்ஜிலா வைப்பது? கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. இன்னொன்றில் இடம் இருந்தது, ஆனால் பஸ் இரண்டு மாறிப் போக வேண்டும். மற்றவை எல்லாம் ஒரே பாட்டு. கையை விரித்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் பின்தெருவிலேயே ஒன்று இருப்பதாகக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொன்னாள். சின்னப் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரைதான். மூணாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஊரை விட்டுப் போய்விட்டதால் ஒரே ஒரு இடம் காலி. போன் போட்டால் பெரிய டீச்சரே எடுத்தார். "நாளைக்குக் காலைல குழந்தையக் கூட்டிட்டு வாங்க. சும்மா பேசிப் பார்ப்பேன், வேற ஒண்ணுமில்ல" என்றார். போனை வைத்துவிட்டு அவள் துள்ளிக் குதிக்காத குறைதான். அதற்கப்புறம்தான் தையல்காரம்மா மீதியைச் சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடம் மத்தியானம் ஒரு மணிக்கே மூடிவிடும்.

ராத்திரிச் சாப்பாடு தரையில்தான் நடந்தது. மேஜை இன்னும் காலைக் கழற்றிய நிலையில் சுவரில் சாய்ந்திருந்தது. சுற்றிலும் அட்டைப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் சில்வண்டு உட்கார்ந்து, ஒட்டுகிற டேப்பை உரித்து உரித்துப் பந்தாக்கிக்கொண்டிருந்தது. அவளும் கணவரும் அப்போது அந்த பாஷையில் பேச ஆரம்பித்தார்கள்.

அந்த பாஷை என்பது வேறொன்றுமில்லை, க-பாஷை. ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு க போட்டுக் கடகடவென்று பேசுவது. சின்ன வயதில் அவளும் அவள் தங்கையும் பெரியவர்கள் முன்னால் ரகசியம் பேசக் கற்றுக்கொண்டது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரே கூட்டம், தனியாக நாலு வார்த்தை பேச வழியில்லை. அப்போது கணவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். மனுஷன் முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டாலும் போகப் போகப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பிறந்ததும் அது இன்னும் உபயோகமாகிவிட்டது. நாளைக்கு ஊசி போடணும் என்று நேராகச் சொன்னால் வீடு இரண்டாகிவிடும். "ககஊகசி கபோகடகணும்" என்று தப்பும் தவறுமாகச் சொன்னால்கூட அவர் தலையாட்டிவிடுவார், பிள்ளை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும். இத்தனை வருஷம் அப்படித்தான் குடும்பம் ஓடியது.

அன்றைக்கும் அப்படித்தான். அவளுக்கு அலுப்பு, கால் வலி, பசி, எல்லாம் சேர்ந்து எரிச்சலாக வந்தது. க போட்டுக் க போட்டு அவள் சொன்னதை நேராக எழுதினால் இவ்வளவுதான்: "ஒரு மணிக்கு இவள யாரு கூட்டிட்டு வர்றது? எனக்கு டியூட்டி நாலு மணி வரைக்கும். இந்த ஸ்கூல் கிடைச்சா நான் வேலைய விட்டுட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான். இதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? கிடைக்காம போனாக்கூட நல்லதுன்னு தோணுது."

அவரும் அதே பாஷையில் பதில் சொன்னார். "கிடைக்கலன்னா அக்கா வீட்ல ஒரு வருஷம் விடலாம். அக்கா பார்த்துக்கும். அதுக்கும் பொழுது போகும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். சில்வண்டின் அத்தை தங்கமான மனுஷி, குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய ஊர், ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். "பார்ப்போம்" என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

மறுநாள் பெரிய டீச்சரின் அறை. சின்ன அறை, ஜன்னலோரம் சாக்பீஸ் டப்பாக்கள், மேஜைக்கு முன்னால் குட்டியாக ஒரு நாற்காலி. அதில் சில்வண்டு, தலை வாரி, புதுச் சட்டை போட்டு. இந்த மாதிரி இடத்தில் அதை உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கேட்காத கேள்விக்கும் சொல்லும். போதும் கண்ணு என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

"உன் பேரு என்னம்மா?" என்றார் பெரிய டீச்சர்.

பதில் இல்லை.

"எந்த கிளாஸ் படிச்சே?"

பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. டீச்சர் சிரித்துக்கொண்டே ஒரு படத்தைக் காட்டினார். மரம், மரத்தில் பறவைகள். எத்தனை பறவை என்றார். சில்வண்டு படத்தைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, தன் ஷூவைப் பார்த்தது. ஒரு சின்னக் கதைப் புத்தகத்தைத் திறந்து முதல் வரியைப் படிக்கச் சொன்னார். உதடுகூட அசையவில்லை.

இது தன் பிள்ளைதானா? நேற்று வரும் வழியில் கடை போர்டெல்லாம் சத்தம் போட்டுப் படித்து, ஒரு போர்டில் எழுத்துப் பிழை என்று கடைக்காரரிடமே போய்ச் சொன்ன பிள்ளைதானா? "சொல்லுடா கண்ணா, உனக்குத் தெரியும்ல" என்று குனிந்தாள். தோளைத் தொட்டாள். கிள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. ஒன்றும் நடக்கவில்லை.

பெரிய டீச்சர் புத்தகத்தை மூடினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "பேச்சு, காது எல்லாம் டாக்டர்கிட்ட காட்டியிருக்கீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஐயோ, இவ வாய மூடவே மாட்டா டீச்சர். வீட்ல வந்து பாருங்க" என்றாள். சொல்லும்போதே தான் சொல்வது பொய் மாதிரி தன் காதுக்கே கேட்டது.

"பரவாயில்ல. கொஞ்ச நேரம் வெளில உக்காருங்க. சரியானா திரும்பக் கூட்டிட்டு வாங்க. மத்தியானம் இன்னொரு குடும்பம் வர்றாங்க, எனக்கு இருக்கிறது ஒரு இடம்தான்" என்றார் டீச்சர்.

வெளியே வராந்தாவில் தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக இருந்தன, சின்னப் பிள்ளைகள் உயரத்துக்கு. பக்கத்தில் ஒரு பெஞ்சு. அவள் உட்காரவில்லை. "என்ன பிடிவாதம் இது? வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சில்வண்டு பேசாமல் போய்க் குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்தது. போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

பழக்க தோஷம், க-பாஷையிலேயே கொட்டினாள். "வேணும்னே பண்றா. வாயே திறக்கல. மானமே போச்சு. உங்க அக்காவுக்கு இப்பவே போன் போட்டுக் கேட்டுடுங்க."

சில்வண்டு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியது. "அத்தை காலைல வீட்ல இருக்க மாட்டாங்கம்மா. நாயக் கூட்டிட்டு நடக்கப் போவாங்க. அப்புறமா பண்ணச் சொல்லு" என்றது.

சாதாரணமாகச் சொன்னது. மழை வரப்போகுது, குடை எடுத்துக்கோ என்கிற மாதிரி. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் காதில் இருந்தபடியே இருந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிற ஆம்பிளைகளைத் தாங்கிப் பிடிக்கிறவள் அவள். அவளைப் பிடிக்க அங்கே ஆள் இல்லை.

"உனக்கு... நாங்க பேசுறது புரியுமா?"

"ம்."

"எப்போலேர்ந்து?"

சில்வண்டு கொஞ்சம் யோசித்தது. "எப்பவும்" என்றது.

எப்பவும். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு ஏழு வருஷமும் கண்முன் வந்து நின்றது. சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், படுக்கையில், பிள்ளை தலைக்கு மேலாகவே என்னென்ன பேசினார்கள்? மாமியாரைப் பற்றி, கடனைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரனின் குடியைப் பற்றி. இதுக்கு மேல ஒரு பிள்ளை வேண்டாம், இந்த ஒண்ணே போதும் போதும்னு ஆயிடுச்சு என்று ஒரு நாள் சொன்னாளே, அதுவுமா? கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

"அப்புறம் ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"சொன்னா நீங்க வேற பாஷைக்கு மாறிடுவீங்க. அத நான் மறுபடியும் மொதல்லேர்ந்து கத்துக்கணும்."

நியாயம்தான். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. அவள் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள். "சரி. உள்ள ஏன் பேசல? டீச்சர் கேட்டது உனக்குத் தெரியாதா?"

"பதினோரு பறவை. ஒண்ணு இலைக்குப் பின்னாடி இருந்துச்சு, வால் மட்டும் தெரிஞ்சுது."

"பின்ன?"

சில்வண்டு ஷூ நுனியால் தரையைத் தேய்த்தது. "நான் சொல்லியிருந்தா இடம் கிடைச்சிருக்கும்ல. கிடைச்சா நீ வேலைய விடணும்ல. நீதான நேத்து சொன்ன. கிடைக்காம போனா நல்லதுன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, சமாதானம் சொல்கிற மாதிரி, "அத்தை வீட்ல நாய் இருக்கும்மா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றது.

ஏழு வயசு. பல் விழுந்து இன்னும் முளைக்காத ஏழு வயசு. அம்மா வேலை போகக்கூடாது என்று, ஒரு அறைக்குள் அவ்வளவு நேரம் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பேசுவதற்கென்றே பிறந்த பிள்ளை. அதற்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்? அதைவிட, நேற்று ராத்திரி அந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டேப்பை உரித்துக்கொண்டிருந்ததே, அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது, ஆத்திரம் முழுக்கத் தன் மேல்தான்.

காதில் ஏதோ சத்தம். போனை அணைக்கவே இல்லை. கணவர் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கீங்களா?" என்றாள்.

அவர், பாவம், பழக்கத்தில் க போட்டு ஆரம்பித்தார்.

"நேராப் பேசுங்க. இனிமே யாருகிட்ட ஒளிக்கிறது?" என்றாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "விடிகாலை ஷிப்டு ஒண்ணு இருக்கு. ஆபீஸ் கட்டடத்துக்கெல்லாம் ஆள் வர்றதுக்கு முன்னாடியே லிஃப்ட சர்வீஸ் பண்ணி முடிக்கணும். யாரும் போக மாட்டேங்கிறாங்கன்னு சூப்பர்வைசர் எல்லார் காலையும் பிடிச்சிட்டிருக்காரு. அதை எடுத்துக்கிட்டா பன்னெண்டு மணிக்கு நான் ஃப்ரீ. நான் போய்க் கூட்டிட்டு வருவேன்."

"இத ஏங்க நேத்தே சொல்லல?"

"விடிகாலைல எந்திரிக்கணுமே" என்றார். அவ்வளவு உண்மையை அவர் நேர்த்தமிழில் பேசி அவள் கேட்டதே இல்லை. திட்ட வேண்டும் என்று நினைத்தாள், திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் நினைத்தாள். "சாயங்காலம் பேசிக்கிறேன் உங்கள" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள். "கேட்டியா? அப்பா வந்து உன்னக் கூட்டிட்டு வருவாரு. என் வேலையும் போகாது. நீ அத்தை வீட்டுக்கும் போக வேண்டாம். இங்கதான் படிக்கப்போற. சரியா? வா, உள்ள போய் டீச்சர்கிட்ட பேசலாம்."

சில்வண்டு அசையவில்லை. "நிஜமாவா?" என்றது.

"நிஜமா."

"அப்படின்னா அந்த பாஷையில சொல்லு."

"ஏன்? இப்பத்தான் நேராச் சொன்னேனே."

"நேரா நீ ஊசி வலிக்காதுன்னுதான் சொல்லுவ. அந்த பாஷையிலதான் அப்பாகிட்ட, பாவம், நல்லா வலிக்கும்னு சொல்லுவ. மீன் குட்டிய அப்பா ஃப்ரெண்டு வீட்டுக்குக் கொடுத்துட்டோம்னு நேரா சொன்ன. செத்துப் போச்சுன்னு அதுல சொன்ன." பிள்ளை குற்றம் சாட்டவே இல்லை. கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு போனது. "நிஜம் எல்லாம் அதுலதான வரும்."

ஊசி குத்தினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், தினமும் நூறு பேருக்குக் குத்துகிறவள். இது அதுவல்ல. இது எங்கே குத்தியது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டுதானே அத்தனையும் செய்தாள்? அழக்கூடாது, பயப்படக்கூடாது என்றுதானே? கடைசியில் அம்மா தன்னைப் பார்த்துச் சொல்வது எதுவுமே நிஜமில்லை, தனக்குக் கேட்காமல் சொல்வதுதான் நிஜம் என்று அது தானாகவே முடிவு கட்டி, அதை ஒரு குறையாகக்கூட நினைக்காமல், அதோடு வாழப் பழகியிருக்கிறது.

அவள் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் தடவை பேசிய பாஷை, நாக்கு புரளவில்லை. திக்கித் திக்கி, ஒவ்வொரு எழுத்தாக, "கநீ... கஎன்கனோகடகதான்" என்றாள்.

சில்வண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுத்து ஒன்றும் விட்டுப்போகவில்லையே என்று சரிபார்த்தது போல இருந்தது. பிறகு "சரி" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது.

உள்ளே போனதும் பெரிய டீச்சர் படத்தை எடுப்பதற்குள் பதினோரு பறவை என்றது. பேரைச் சொன்னது. புத்தகத்தை வாங்கி முதல் வரி என்ன, முதல் பக்கம் முழுக்கப் படித்து, அடுத்த பக்கமும் படித்து, அந்த நரி செய்தது தப்பு என்று தீர்ப்பும் சொன்னது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "திங்கக்கிழமை வந்துடு" என்றார். அவளுக்கு மூச்சு வந்தது.

"ஏன் கண்ணு, இவ்வளவு நல்லா பேசுறியே. மொதல்ல ஏன் பேசல?" என்று கேட்டார் டீச்சர்.

சில்வண்டு அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அவள் முகம் வெளிறியதைப் பார்த்திருக்க வேண்டும். டீச்சர் பக்கம் திரும்பி, நேர்த்தமிழில், கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "பயமா இருந்துச்சு டீச்சர்" என்றது.